ஏழாங்கதவும் எட்மண்டின் முட்டியும்

டிசம்பர் ஒன்றாம் தேதி காலை ஆறரை மணிக்கு எட்மண்டுக்கு முட்டி வலி ஆரம்பித்தது. திடீரென்று வந்த வலி இல்லை அது. நவம்பர் நடுவிலேயே யோசித்து, நாள் குறித்து, எந்தக் கால் என்பதை மட்டும் முடிவு பண்ணாமல் விட்டுவைத்திருந்த வலி.

வலிக்குக் காரணம் கிறிஸ்துமஸ் தாத்தா. மண்ணூர்பேட்டையில் அவர்கள் தெருப் பக்கம் இருக்கும் முப்பது கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு அன்பியம். டிசம்பர் வந்தால் அன்பியம் வீடு வீடாகப் போய் கேரல் பாடும். முன்னால் குட்டியானை வண்டியில் கீபோர்டும் டிரம்ஸும் போகும். பின்னால் சிவப்பு அங்கி, முகமூடி, பஞ்சுத் தாடி சகிதமாக ஒரு தாத்தா ஆடிக்கொண்டே போவார். ஐந்து வருஷமாக ஆடிக்கொண்டிருந்த டேனிக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது. இந்த வருஷம் அன்பியப் பொறுப்பாளர் ஞானசௌந்தரி. ஞானசௌந்தரியின் புருஷன் எட்மண்ட். அடுத்த தாத்தா யார் என்பதை யாரும் வந்து எட்மண்டிடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வேறு எந்த நாளாக இருந்தாலும் அவர் ஆடித் தொலைத்திருப்பார். கேரல் வைத்திருந்தது இருபதாம் தேதி, சனிக்கிழமை, மாலை ஆறரை மணிக்கு. அன்றைக்கு ஏழு மணிக்குத்தான் 'ஏழாங்கதவு' கடைசிப் பகுதி வெளியாகிறது.

'ஏழாங்கதவு' கேட்காத பாக்கியசாலிகளுக்குச் சொல்லிவிடுகிறேன். போனில் வரும் ஒலித்தொடர் அது. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை, இரண்டு வருஷமாக ஓடுகிறது. கைக்குழந்தையாகக் கோட்டை வாசலில் கிடந்தவன் நாயகன். ஊரும் தெரியாது, பேரும் தெரியாது என்பதால் ஊரிலான் என்றே கூப்பிட்டுவிட்டார்கள். அவன் யார் பெற்ற பிள்ளை? எதற்காகப் பிறந்தான்? பூட்டிக் கிடக்கும் ஏழாவது கதவை அவன்தான் திறப்பானா? நூறு வாரமாகியும் கதாசிரியர் வாயைத் திறக்கவில்லை. அதனால் எட்மண்ட் திறந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வால்வு அளந்து பாஸ், ரிஜெக்ட் என்று முத்திரை குத்துவது அவர் உத்தியோகம். கை வால்வை அளக்கும், மனசு ஊரிலானின் தகப்பனைத் தேடும். 'ஊரிலான் உறவினர்கள்' என்று ஒரு வாட்ஸப் குரூப் ஆரம்பித்து இருநூற்றுப் பதினான்கு பேரைச் சேர்த்திருந்தார்.

குரூப்பில் இரண்டு கட்சி. ஊரிலான் ராஜாவின் மகன் என்பது கீழ் வீட்டு மனோகரன் கட்சி. எட்மண்டை விடப் பத்து வயது இளையவன். வாதத்தில் அந்த மரியாதையெல்லாம் கிடையாது.

"ராஜா மவன்தான் அண்ணாத்தே. மூஞ்சப் பார்த்தாலே தெரியுதே."

"காதால கேக்கற கதையில இன்னாடா மூஞ்சி?"

"அந்தக் குரலுக்கு வேற எந்த மூஞ்சி வெச்சாலும் ஒட்டாது அண்ணாத்தே."

எட்மண்டின் கட்சி வேறு. ஊரிலான் கோட்டைக் காவலனின் மகன். அந்தக் காவலன் வருஷத்தில் ஒரே ஒரு ராத்திரி மட்டும் காய்ச்சல் என்று கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவான். ஊரே சோம்பேறி என்று சிரிக்கும். சும்மா படுப்பானா ஒருத்தன்? முகமூடி மாட்டிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய் ஏழாங்கதவின் விளக்கை ஏற்றுகிறான். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் பண்ணியிருக்கிறான். இந்தக் கண்டுபிடிப்பு சரியா தப்பா என்பது இருபதாம் தேதி ஏழு மணிக்குத் தெரிந்துவிடும். அந்த நேரத்தில் எட்மண்ட் பஞ்சுத் தாடியோடு தெருவில் குதித்துக்கொண்டிருப்பதா?

ஆகவே முட்டி வலி.

சௌந்தரி ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. தைலம் தேய்த்தாள், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள், மெடிக்கலில் பட்டை வாங்கிச் சுற்றிவிட்டாள். காலையில் இடது காலை நொண்டியவர் சாயங்காலம் வலது காலை நொண்டிக்கொண்டு வந்தபோது, பட்டையை அவிழ்த்து வலது காலுக்கு மாற்றிவிட்டாளே ஒழிய ஏன் என்று கேட்கவில்லை. இருபத்திரண்டு வருஷத் தாம்பத்தியத்தில் தான் ஜெயித்த முதல் சண்டை இதுதான் என்று எட்மண்டுக்குப் பட்டது. சண்டையே நடக்கவில்லை என்பதையும் வெற்றியில்தான் சேர்த்துக்கொண்டார்.

பன்னிரண்டாம் தேதி அதிசயம் ஒன்று நடந்தது. தைலம் தேய்த்துக்கொண்டே சௌந்தரி கேட்டாள்.

"என்னங்க, அந்தக் காவலன் நெஜமாவே காய்ச்சல்ல படுக்கலையா?"

எட்மண்ட் எழுந்து உட்கார்ந்தார். இரண்டு வருஷமாக அந்தத் தொடரைப் பற்றி அவள் பேசியது 'சத்தத்தைக் குறைங்க' என்ற ஒரே வாக்கியம்தான். இப்போது பதினைந்து பகுதி கேட்டுவிட்டேன் என்கிறாள். மனுஷன் தலைகால் புரியாமல் முழுக் கதையையும் ஆதியிலிருந்து சொன்னார். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அதைக்கூட அவள் பொருட்படுத்தவில்லை.

கடைசியில் ஒரு சந்தேகம் கேட்டாள். காவலன் செத்துப்போனால் அந்தச் சத்தியம் அவனோடு முடிந்துவிடுமா, மகன் தலையில் விழுமா?

"மவன் தலையிலதான். ரத்தத்துல எறங்கும் அது."

"மகனுக்குக் கால்ல ஏதாவது அடி, வலின்னா விட்ருவாங்க இல்ல?"

"விடவே மாட்டாங்க. கால் ஒடிஞ்சாலும் போயாவணும். போவலன்னா அவன் வாரிசே இல்ல."

"எவ்ளோ அழகா சொல்றீங்க. இத அப்படியே குரூப்ல பேசி அனுப்புங்களேன்."

பெண்டாட்டி பாராட்டி எட்மண்ட் பார்த்ததில்லை. நாலரை நிமிஷம் பேசினார். வாரிசுக்கு மூன்று அடையாளம் என்றார். ஒன்று, தகப்பன் வருஷத்தில் ஒரு நாள் உடம்பு சரியில்லை என்று கதவைச் சாத்தியிருப்பான். இரண்டு, தகப்பன் போட்ட ஜோடு மகன் காலில் அளவெடுத்த மாதிரி உட்காரும். மூன்று, தான் வாரிசு என்று மகனுக்கே தெரியாது, நழுவத்தான் பார்ப்பான். ஆனால் தெரிந்துபோய்விட்டால் ஆயுசுக்கும் அவன்தான், இதில் மாற்றம் வந்தால் என் மீசையை எடுத்துவிடுகிறேன் என்று முடித்தார். இருநூற்றுப் பதினான்கு பேரும் கேட்டார்கள். மனோகரன் மட்டும் 'மீசைக்குக் கடைசி மரியாதை செலுத்திக்கோ அண்ணாத்தே' என்று பதில் போட்டான்.

இருபதாம் தேதி வந்தது. ஐந்தரை மணிக்கே எட்மண்ட் கட்டிலில் தயார். போனில் நூறு சதவீதம் சார்ஜ். காதில் மாட்ட இயர்ஃபோன். பக்கத்தில் ஒரு தட்டு முறுக்கு. காலில் பட்டை.

சௌந்தரி கட்டிலுக்கடியிலிருந்து ஒரு பையை இழுத்தாள். சிவப்பு அங்கி, முகமூடி, அப்புறம் ஒரு ஜோடி பூட்ஸ். பூட்ஸுக்கு மேலே சிவப்புத் துணி சுற்றி, ஓரத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மெதுவாக மடிக்க ஆரம்பித்தாள். ஆள் கிடைக்கவில்லை, இந்த வருஷம் தாத்தா இல்லாமலே போகப்போகிறோம், இதைத் திரும்ப ஸ்டோர் ரூமில் போட்டுவிடுகிறேன் என்றாள்.

"போட்ரு" என்றார் எட்மண்ட், முறுக்கைக் கடித்துக்கொண்டு.

பூட்ஸை அவள் மடியில் வைத்துத் தடவினாள். இடது பூட்ஸின் மூக்கில் ஒரு தீப்பொறித் தழும்பு இருந்தது.

"யாருது அந்த பூட்ஸ்?"

"அதெல்லாம் கேக்காதீங்க. ஒண்ணாந்தேதி காலையில திருநின்றவூருக்குப் போன் பண்ணி அத்தைகிட்ட பேசினேன். மாமாவப் பத்தி ஒரு விஷயம் சொன்னாங்க. உங்களுக்கு மனசு தாங்காது. நான் சொல்லல."

எட்மண்டின் அப்பா தேவசகாயம் போய்ச் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகிறது. இருக்கிற இடம் தெரியாமல் இருந்து, போன இடம் தெரியாமல் போன மனுஷர். அவரைப் பற்றி என்ன விஷயம் இருக்க முடியும்? முறுக்கு தட்டுக்குத் திரும்பியது.

சௌந்தரி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"டிசம்பர்ல கேரல் வர்ற அன்னிக்கு மாமா என்ன பண்ணுவாருன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"அப்பாவா? முட்டி வலின்னு உள்ரூம்ல கதவ சாத்திகினு..."

எட்மண்ட் அத்தோடு நின்றுவிட்டார்.

வருஷத்தில் ஒரு நாள். உடம்பு சரியில்லை. சாத்திய கதவு. வாசலில் முகமூடி போட்ட தாத்தா வந்து ஆடி, அஞ்சு வயசு எட்மண்டுக்கு மிட்டாய் கொடுத்துவிட்டுப் போவார். அப்பா மட்டும் வெளியே வந்து பார்த்ததே இல்லை. தாத்தாவையும் அப்பாவையும் அவர் ஒரு தடவைகூட ஒன்றாகப் பார்த்ததில்லை. தாத்தா யார் என்று வெளியே சொல்லக்கூடாது என்பது அந்தக் காலத்துக் கட்டுப்பாடு. அதாவது, சத்தியம்.

"சௌந்தரி, எங்கப்பா முட்டி வலின்னு படுத்தது நடிப்பு."

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று சௌந்தரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

அழுகிறாள் என்று நினைத்த எட்மண்ட் தானும் அழுதார். பூட்ஸை வாங்கி மாட்டினார். இடது கால், வலது கால், இரண்டும் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தன. எழுந்து நின்று பட்டையைப் பிய்த்து எறிந்தார். அன்றைக்குக் காலையிலிருந்து எந்தக் காலை நொண்டினோம் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

ஊரிலானையும் அவர் கைவிடவில்லை. முகமூடிக்கு உள்ளே காதில் இயர்ஃபோன். ஆறரைக்குக் குட்டியானை கிளம்பியது. ஏழு மணிக்கு வெளியே கேரல், உள்ளே கடைசிப் பகுதி. எட்மண்டுக்கு வெளியே ஓடும் பாட்டின் தாளம் கேட்கவில்லை. கோட்டையில் யானை ஓடினால் தாத்தாவும் ஓடினார். ஊரிலான் பதுங்கினால் தாத்தா தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பதுங்கினார். பிள்ளைகள் கும்மாளம் போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தார்கள். அங்கிக்குள் வியர்வை ஆறாக ஓடியது. இந்தத் தெருவில்தான் அப்பாவும் இப்படி வியர்த்தார் என்று நினைத்தபோது எட்மண்டின் நெஞ்சு விம்மியது. தகப்பனைப் பற்றிப் பெருமைப்பட வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு காரணம் கிடைத்திருந்தது.

ஏழு நாற்பதுக்கு வண்டி அவர்கள் வீட்டு வாசலுக்கே திரும்பி வந்தது. கேட்டைப் பிடித்துக்கொண்டு மனோகரன் நின்றிருந்தான். அவன் காதிலும் இயர்ஃபோன். சரியாக அந்த நிமிஷம், சாகக் கிடந்த கோட்டைத் தாதி ஊரிலானின் கையைப் பிடித்து, உன் அப்பன் அரசன் இல்லையடா, காவலன் என்றாள்.

மனோகரன் தலையில் கை வைத்துக் கேட்டிலேயே சாய்ந்தான். தாத்தா குதித்தார். நாலடி உயரம் என்று தெரு இன்றைக்கும் சொல்கிறது. முட்டியை மடித்துச் சுற்றினார், ஒற்றைக் காலில் நின்றார், மனோகரனைத் தூக்கிக்கொண்டு இரண்டு சுற்றுச் சுற்றினார். தாத்தா பேசக்கூடாது என்பது மறந்துபோய் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "காவலன் மவன்டா" என்று கத்தினார்.

"அண்ணாத்தே, நீயா? கால் சரியில்லன்னு கேள்விப்பட்டேனே."

தெரு கைதட்டியது. சௌந்தரிதான் முதலில் தட்டினாள்.

மறுநாள் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் அன்பியம் கூடியது. தோற்ற கடுப்பில் பின்னாலேயே வந்திருந்த மனோகரன், அந்த நாலரை நிமிஷப் பேச்சை எல்லாருக்கும் போட்டுக் காட்டினான். 'தெரிந்துபோய்விட்டால் ஆயுசுக்கும் அவன்தான்' என்ற இடத்தில் சௌந்தரி நிறுத்தச் சொல்லி, அதை அப்படியே தீர்மான நோட்டில் எழுதிக்கொண்டாள். மண்ணூர்பேட்டை அன்பியத்தின் நிரந்தரத் தாத்தா எட்மண்ட். மீசை தப்பியதே என்று அவரும் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்து கட்டிலில் விழுந்தார். இரண்டு முட்டியும் விண் விண் என்று தெறித்தன. இது நிஜ வலி. சௌந்தரி தைலப் புட்டியோடு வந்து உட்கார்ந்தாள்.

அப்பாவின் பூட்ஸை ஒரு கண்ணாடிப் பெட்டி செய்து ஹாலில் வைக்க வேண்டும் என்றார் எட்மண்ட்.

"அது உங்க பூட்ஸ்தாங்க. மூணு வருஷத்துக்கு முந்தி கம்பெனியில குடுத்தாங்களே, அந்த சேஃப்டி ஷூ. வெல்டிங் பொறி பட்டுதுன்னு தூக்கிப் போட்டீங்க. மேல துணி சுத்தினது மட்டும்தான் நான்."

எட்மண்ட் எழுந்து உட்கார்ந்தார். "அப்போ அப்பா? அந்த முட்டி வலி? பின்வாசல் வழியா போனது?"

"மாமா எந்த வாசல் வழியாவும் போகலைங்க. உள்ளதான் படுத்திருந்தாரு. டிசம்பர் ஒண்ணாந்தேதி முட்டி வலிக்க ஆரம்பிக்கும், நியூ இயருக்குச் சரியாயிடும்னு அத்தை சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு, உள்ளங்கையில் தைலத்தை ஊற்றித் தேய்க்க ஆரம்பித்தாள் சௌந்தரி. "வாரிசு யாருன்னு எனக்கு ஒண்ணாந்தேதி காலையிலயே தெரியும்."