சதை நிறத்தில் ஒரு மோதிர விரல்

அன்புள்ள மாப்பிள்ளை டெல்வினுக்கு, கோவில்பட்டியிலிருந்து மாமா தேவஆசீர்வாதம் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தையும் சுகம். நீங்கள் விட்டுச்சென்ற, பிளாஸ்டிக்கில் பொம்மை அடிக்கும் அந்த 3டி பிரிண்டரும் சுகம். அத்தையின் மீன்குழம்புச் சட்டி மட்டும் சுகமில்லை. கருப்பட்டிப் பாகு தீய்ந்துவிட்டது என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். போனில் பேசினால் அவள் காதில் விழும் என்றுதான் கடிதம்.

பக்கத்து வீட்டு மாடக்கண்ணுவை உங்களுக்குத் தெரியும். மகள் காளீஸ்வரி கைக்குழந்தையாக இருந்தபோது கதிரடிக்கும் மெஷினில் அவருடைய மோதிர விரல் போய்விட்டது. தை பிறந்ததும் காளீஸ்வரிக்கு நிச்சயம். "நாலு விரலோட சபையில தட்டு மாத்துனா நல்லாவா இருக்கும் அண்ணாச்சி? எங்கண்ணனையே மாத்தச் சொல்லுதேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார். பெற்ற தகப்பன் இருக்கப் பெரியப்பன் தட்டு மாற்றுவதா? எனக்குப் பொறுக்கவில்லை. "ஒரு விரல்தான, நான் அடிச்சுத் தாரேன்" என்று வாயை விட்டுவிட்டேன்.

பிரிண்டரில் ஏற்கெனவே மாட்டியிருந்த பிளாஸ்டிக்கில் விரல் நன்றாகவே வந்தது, நகம்கூட இருந்தது, ஆனால் பால் வெள்ளை. சேலைச் சாயம் விற்கும் ஜெயகிருஷ்ணன் கடையில் போய்ச் சதை நிறம் கேட்டேன். "யாரு சதை அண்ணாச்சி?" என்று கேட்டான் பாருங்கள், அப்போதுதான் இதில் இவ்வளவு விஷயம் இருப்பது உறைத்தது. பழுப்பு வாங்கிவந்து, சேலைக்குச் செய்வது போல் சட்டியில் கொதிக்கவிட்டேன். சாயம் ஏறவில்லை, விரல்தான் இளகி, யாரையோ கூப்பிடுவது போல வளைந்துவிட்டது. சரியென்று உங்கள் அலமாரியில் இருந்த நைலான் இழைச் சுருளைப் பிரிண்டரில் மாட்டி இன்னொன்று அடித்து, சாயத்தில் கொஞ்சம் வினிகரும் விட்டேன். என்ன மாயமோ, நைலான் அப்படிக் குடிக்கிறது! எட்டிப் பார்க்கப் பார்க்க நிறம் ஏறிக்கொண்டே போகிறது, எங்கே நிறுத்துவது? நல்லவேளை, கடம்பூர்ப் பக்கத்து உளுந்துக் காட்டிலிருந்து மாடக்கண்ணு நேரே வந்துசேர்ந்தார். கையை நீட்டச் சொல்லி, ஒத்துவந்ததும் எடுத்துவிட்டேன். ஜெயித்துவிட்டோம் என்று இருவரும் காப்பி குடித்தோம். மறுநாள் அவர் குளித்துவிட்டு வந்தால் கை ஒரு நிறம், விரல் ஒரு நிறம்! நான் ஒத்துப்பார்த்தது கரிசல் மண்ணை.

"அப்ப நிச்சயத்தன்னைக்கு நான் குளிக்காம வரட்டா?" என்கிறார் மனுஷன், பாவம், நிஜமாகவே.

ஆகவே மாப்பிள்ளை, ஏறின சாயத்தை இறக்க வழியுண்டா? தண்ணீர் எவ்வளவு சூடு இருக்கலாம்? உடனே எழுதவும். ஷைலாவுக்கு என் அன்பு. கர்த்தர் உங்கள் இருவருக்கும் குறைவில்லாமல் தரட்டும், எங்களுக்கு ஒரு புதுச் சட்டியும் தரட்டும்.

இப்படிக்கு,
மாமா தேவஆசீர்வாதம்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் காளீஸ்வரி வந்துவிட்டாள். கொடியில் விரல்கள் காய்வதைப் பார்த்து விஷயத்தைக் கறந்துவிட்டாள். அப்பாவைக் கூப்பிட்டு, "இந்தக் கையப் பிடிச்சுத்தான நடந்தேன்? இதுல ஒண்ணு குறையுதுன்னு எனக்கு ஒருநாளும் தோணல. நீங்க தட்டு மாத்தலன்னா எனக்கு நிச்சயமே வேண்டாம்" என்றாள். மாடக்கண்ணு அந்தக் கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். ஆகவே விரல் வேண்டாம், மேலே கேட்டதற்குப் பதிலும் வேண்டாம். ஆனாலும் மாப்பிள்ளை, நைலான் மட்டும் ஏன் அப்படிக் குடிக்கிறது?