வாஜிக் தட்டும் பதினேழாம் நம்பர் பஸ்ஸும்

பஸ்ஸின் கதவு புஸ்ஸென்று மூடிக்கொண்டபோது வியோகோ கடைசி சீட்டின் திரைத்துணியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்னொரு கையில் அவனுடைய நிச்சயதார்த்தத்துக்கான வாஜிக் பலகாரத் தட்டு.

குற்றம் அவனுடையதுதான், வேறு யாருடையது? சோலோவிலிருந்து பெண் வீட்டுக்குப் போகிற வழியில், பெட்ரோல் போட வேன் நின்றது. பக்கத்திலேயே ராவா கெஞ்சானா கம்பெனியின் புத்தம்புதுப் பதினேழாம் நம்பர் பஸ். "ரெண்டே நிமிஷம்மா" என்று தட்டோடு ஏறிவிட்டான். காலை நீட்டினால் தாங்கும் பலகை, தலைக்கு மேல் ஊதா விளக்கு, சீட்டுக்குச் சீட்டு தனித் திரை. பார்க்க ரெண்டு நிமிஷம் போதுமா என்ன?

நல்லவேளை, பஸ்ஸும் பெண் வீடு இருக்கும் அம்பராவா பக்கம்தான் போனது. போன் அடித்தது. கட்டிக்கொள்ளப்போகிற ரத்ரி.

"எங்க இருக்கீங்க? மாப்பிள்ளையைக் காணோம்னு உங்கம்மா வேன்ல உக்காந்து அழறாங்க! பஸ் எதையாவது பார்த்துட்டு நிக்கறீங்களா?"

"சேச்சே! ஃபிரெண்டு கார்ல வரேன்."

"எங்கப்பாவுக்குப் பஸ் பைத்தியம்னாலே ஆகாது. தெரிஞ்சா நிச்சயமே நின்னுடும், ஞாபகம் இருக்கட்டும்!"

போனை வைத்தால் எதிரே கண்டக்டர்.

"டிக்கெட்?"

"நான்... தலைமை ஆபீஸ். சீட்டெல்லாம் சரியா இருக்கான்னு பார்க்க வந்தேன்."

கண்டக்டர் விறைத்து நின்றார். பிறகு தட்டைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"புதுப் பலகாரமா சார்? சொல்லவேயில்லையே! குடுங்க, நானே பரிமாறுறேன்."

வேண்டாம் என்றால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஜோடி கடைசிவரை ஒட்டிக்கொண்டு இருக்க வேண்டுமென்று அம்மா கை வலிக்கக் கிண்டிய ஒட்டரிசி வாஜிக், இருபத்தொரு வாய்க்குள் போய்ச் சேர்ந்தது.

"கம்பெனின்னா இதுதான்யா கம்பெனி!" என்றார் முன்சீட்டுப் பெரியவர். "இன்னொண்ணு வைப்பா."

வியோகோவுக்கு அழுகையே வந்துவிட்டது. காலித் தட்டோடு எந்த முகத்தை வைத்துக்கொண்டு பெண் கேட்பது? ரத்ரி வீட்டருகே இருக்கும் பாலத்தில் இறக்கிவிடும்படி கெஞ்சினான்.

பாலத்தில், போகிற பஸ்களின் ஹாரன் பாட்டைக் கேட்க நிற்கும் வழக்கமான கூட்டம். போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "ஹாரன் அடிங்கண்ணே!" என்று ஒரே கூச்சல். டிரைவர் பாட்டு ஹாரனை முழங்கவிட்டார்.

கூட்டத்துக்கு முன்னால் புதுப் பாத்திக் சட்டையும் முறுக்கு மீசையுமாக, இரண்டு கையையும் ஆட்டிக் குதித்துக்கொண்டிருந்தவர் ரத்ரியின் அப்பா!

வியோகோ தட்டால் முகத்தை மூடிக்கொண்டு சீட்டுக்கடியில் புகுந்தான். "போச்சு, தேடிப் பிடிக்க வந்துட்டார்! நிறுத்தாதீங்க, போங்க, போங்க!"

கண்டக்டர் குனிந்து பார்த்தார்.

"அவரா? நம்ம கம்பெனி பஸ் ஒண்ணு விடாம ஹாரன் கேக்க வர்றவர் சார். இன்னிக்குச் சீக்கிரமா அடிச்சிட்டுப் போயிடுங்கன்னு காலையிலயே போன் பண்ணிட்டார். வரப்போற மாப்பிள்ளைக்குப் பஸ் பைத்தியம்னாலே ஆகாதாம், தெரிஞ்சா நிச்சயமே நின்னுடும்னு அவர் மக சொல்லி வெச்சிருக்காளாம்!"