இதயத்தில் எத்தனை ‘இது’

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு,

விலங்கியல் விரிவுரையாளனாகிய உன் தம்பி வணங்கி எழுதுவது. இங்கே நானும் உன் தம்பி மனைவியும் நலம். அங்கே நீயும் அத்தானும் உங்கள் இருவரின் முழங்கால்களும் நலமா? போன தடவை நாங்கள் இருவரும் வந்து போனதிலிருந்து உன் பீரோ சாவியைக் காணவில்லை என்று மூன்று முறை போன் செய்தாய், நான் எடுக்காததால் குறுஞ்செய்தியும் அனுப்பினாய். சாவிக்குப் பதில் கடைசியில் எழுதுகிறேன். முதலில் ஏன் எடுக்கவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தம்பி மாறிவிட்டான் என்று அத்தானிடம் சொல்வாய்.

எங்கள் கல்லூரியில் இப்போது பாதிப் பாடம் இணையத்தில்தான். நானும் இதயத்தைப் பற்றி முப்பத்தெட்டு நிமிடம் பேசி, படத்தைக் குச்சியால் காட்டிக் காட்டிப் பதிவு செய்து ஏற்றியிருந்தேன். நல்ல பதிவு. இருமல் இரண்டே இடத்தில்தான். அதைக் கேட்டுவிட்டு, பிறவியிலேயே பார்வை இல்லாத ஒரு மாணவி மின்னஞ்சல் போட்டாள். “ஐயா, உங்கள் பாடத்தில் ‘இது’ நூற்றுப் பதினான்கு முறை வருகிறது. ‘இங்கேருந்து இது இப்படி வந்து அதுக்குள்ள போகுது’ என்கிறீர்கள். எது, எங்கிருந்து, எதற்குள் போகிறது என்று எனக்குத் தெரியவில்லை. இந்தத் தாளில் தேறினால்தான் இயன்முறை மருத்துவத்தில் எனக்கு இடம். தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது” என்று எழுதியிருந்தாள். நான் நம்பவில்லை. உட்கார்ந்து எண்ணினேன். நூற்றுப் பதினாறு. பாவம், பெரிய மனசு பண்ணி இரண்டை விட்டுக்கொடுத்திருக்கிறாள்.

சரி, என்னால் ஒரு பிள்ளையின் படிப்பு கெடக்கூடாது என்று, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான உதவிப் பிரிவைத் தேடிப் போனேன். அது மூன்றாவது மாடியில் இருக்கிறது, லிஃப்ட் கிடையாது. மூச்சு வாங்க மேலே போய் நின்றால், அங்கிருந்த ஒரே அலுவலர், “இதுவரைக்கும் ஒரு மாணவர்கூட இங்க ஏறி வந்து குறை சொன்னதில்ல சார்” என்று பெருமையாகச் சொன்னார். பிறகு, ஒவ்வொரு படத்துக்கும் ஒரு விளக்கம் எழுதவேண்டும், திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருள் அதை மாணவிக்கு வாசிக்கும் என்றார். எழுதினேன்: “இதயத்தின் படம்.” மாணவி பதில் போட்டாள்: “நன்றி ஐயா. இதயத்தின் படம் என்று கேட்டேன்.” அவ்வளவுதான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வலப்பக்கம் என்ன நிறம், இடப்பக்கம் என்ன நிறம், பழைய புத்தகத்திலிருந்து எடுத்த படம் என்பதால் மூலையில் ஒரு டீக்கறை, அந்தக் கறைக்கு எத்தனை வளைவு என்று ஒன்று விடாமல் எழுதித் தள்ளினேன். இந்த முறை போனிலேயே கூப்பிட்டாள். “பதினோரு நிமிஷம் ஓடுச்சுங்க ஐயா. கறை நல்லா புரிஞ்சது. வால்வு எத்தனைன்னுதான் கடைசி வரைக்கும் வரல” என்றாள். குரலில் கோபமே இல்லை. ரெண்டு திட்டு திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்தக் கூத்து முடிவதற்குள் அடுத்தது. காது கேளாத மாணவர்களுக்காகக் காணொளியின் அடியில் எழுத்து ஓடவேண்டுமாம், நாம் பேசப் பேசக் கணினியே எழுதிக்கொள்ளுமாம். எழுதிக்கொண்டது. “இதயத்தில் நான்கு வாழ்வுகள் உள்ளன. அசுத்த ரத்தம் சிறையிலிருந்து வருகிறது. சுத்த ரத்தத்தை உடம்பெங்கும் தம்பி கொண்டுபோகிறது.” வால்வு வாழ்வாகி, சிரை சிறையாகி, தமனி தம்பியாகிவிட்டது. முதல்வர் என்னைக் கூப்பிட்டு, “யாரு சார் அந்தத் தம்பி? ஜெயில்லேருந்து எப்ப வந்தாரு?” என்று கேட்டார். ஒவ்வொரு வரியாக நானே உட்கார்ந்து திருத்தினேன். உன் மூன்று போனும் வந்தது அப்போதுதான்.

இதற்குள் இரண்டு வாரம் ஓடிவிட்டது. வீட்டில் வந்து புலம்பினேன். உன் தம்பி மனைவி துணி மடித்துக்கொண்டே, “நீங்க வீட்லயும் அப்படித்தானே? ‘அதை எடுத்து இதுல வை’ம்பீங்க. இருபத்தெட்டு வருஷமா எது எதுன்னு நான்தான் கண்டுபிடிச்சுக்கிட்டிருக்கேன்” என்றாள்.

“உனக்குத்தான் புரியுதே” என்றேன்.

“எனக்குப் பழகிடுச்சு. அந்தப் பொண்ணு எதுக்குப் பழகணும்?”

வெட்கமாக இருந்தது அக்கா, உன்னிடம் சொல்வதற்கென்ன.

மறுநாளே புதிதாகப் பதிவு செய்தேன். குச்சியைப் பரண்மேல் போட்டுவிட்டேன். பெயர்கள் குறித்த படத்தை இவள் கையில் கொடுத்து, நான் தவறினால் சொல்லு என்று எதிரே உட்காரவைத்தேன். தவறவே இல்லை. வலது மேலறை, வலது கீழறை, நுரையீரல் தமனி என்று அத்தனையும் பெயர் பெயராக வந்து விழுந்தன. மாணவி அதைக் கேட்டுப் படித்து, தேர்வில் அவள் சொல்லச் சொல்ல ஒருவர் எழுத, நேற்று முடிவு வந்தது. எழுபத்தெட்டு மதிப்பெண்! இடம் கிடைத்துவிட்டது. போனில் அழுதாள். நானும் கொஞ்சம் அழுதேன், அத்தானிடம் சொல்லாதே. முப்பத்தோரு வருடப் பழக்கத்தை ஒரே நாளில் விட்டொழித்தவர் என்று, மற்ற விரிவுரையாளர்களுக்குப் பாடம் எடுக்க என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மூன்றாவது மாடியில்.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள், நான்கு பேருக்காக உழைக்கும் உன் முழங்காலுக்குத் தனியாக ஒரு விசாரிப்பு.

என்றும் உன் சொல் தட்டாத,
தம்பி

பி.கு.: சாவியை மறந்தே போனேன். அது எங்கேயும் போகவில்லை. அந்த இதுலதான், மேல, இதுக்குப் பின்னாடி வச்சேன். அதைக் கொஞ்சம் தள்ளினாலே தெரியும்.

பி.கு.வுக்கு ஒரு பி.கு.: அண்ணி, உறையை ஒட்டுமுன் நான் படித்தேன். சாவி உங்கள் சமையலறையில், மேல்தட்டில், நின்றுபோன கடிகாரத்துக்குப் பின்னால் இருக்கிறது. பழைய தகர டப்பாவைத் தள்ளினால் தெரியும். உங்கள் தம்பி புதுப் பதிவிலும் ‘இது’ என்று நூற்றிரண்டு முறை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் படத்தைப் பார்த்துப் பெயரைச் சொன்னது நான். என் குரலை வெட்டி எடுக்க அவருக்குத் தெரியவில்லை, அப்படியே ஏற்றிவிட்டார். நேற்று அந்தப் பெண் அழுதது என்னிடம்தான். இவர் போனை எடுத்ததுமே, “ஐயா, பின்னாடி பேசினாங்களே ஒரு அம்மா, அவங்ககிட்ட குடுங்க” என்றுதான் கேட்டாள். அதை மட்டும் எழுத மறந்துவிட்டார் போலிருக்கிறது.