நகராதே அண்ணன் வீட்டு ஏழாவது தட்டு

பாயான் பாருவில் எங்கள் அடுக்குமாடியின் லிஃப்டுகூட ஒரு மனிதருக்குப் பயந்து சத்தம் போடாமல் வந்து நின்றது என்றால், அது நகராதே அண்ணனுக்காகத்தான். அவருடைய உண்மைப் பெயர் கீழே தபால் பெட்டியில் எழுதியிருக்கும். நாங்கள் யாரும் படித்ததில்லை. நான்காம் மாடி நடைபாதையில் யார் நடந்தாலும் அவர் ஜன்னலிலிருந்து "நகராதே!" என்று ஓர் அதட்டல் வரும். நடந்தவர் அப்படியே நின்றுவிட வேண்டும். உள்ளே 'க்ளிக்' என்று கேட்கும். பிறகு, "ஆச்சி, போங்க" என்று விடுதலை கிடைக்கும். பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த முதல் வாரத்திலேயே, கையில் குப்பைப் பையோடு ஆறு முறை சிலையாக நின்றவள் நான்.

ஒல்லி மனிதர். மின்னணுத் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துப் பொடிப் பொடிப் பாகங்களைச் சோதித்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சொந்தம் என்று சொல்லிக்கொள்ள எங்கள் தீவின் கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம், புக்கிட் தெங்காவில் ஓர் அக்கா. வாசல் கதவில் ஓர் அட்டை தொங்கும்: 'தட்டாதீர்கள்.' யாரும் தப்பித்துவிடக் கூடாது என்று மலாயிலும் ஆங்கிலத்திலும்கூட எழுதியிருந்தார்.

மேல் வீட்டு மாக்சிக், அதாவது மலாய்க்கார அத்தை, மிளகாய்ச் சம்பல் இடிப்பதற்கு இவரிடம் நேரம் வாங்கியிருந்தார். காலை பத்திலிருந்து பத்தரை வரை உரலுக்கு அனுமதி. ஒரு நாள் வீட்டில் விருந்து என்று பதினொன்றைத் தாண்டியும் இடித்துவிட்டார். அண்ணன் விறுவிறுவென்று மாடி ஏறியதைப் பார்த்து, சண்டைதான் என்று நாங்கள் படிக்கட்டில் கூடிவிட்டோம். அவரோ தன் வீட்டு மிக்சியைத் தூக்கிக்கொண்டு போய் மாக்சிக் கையில் கொடுத்துவிட்டு வந்தார். மாக்சிக் நன்றி சொல்லி வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு மறுபடியும் இடிக்க ஆரம்பித்தார். கல்லில் இடிக்காவிட்டால் அது சம்பலா?

இவ்வளவு ஆர்ப்பாட்டமும் எதற்கு என்று எங்களுக்குத் தெரிந்தது ஓர் ஆம்புலன்ஸ் வந்த அன்றுதான். காலையில் முகம் வாடிப்போய் வாசலில் நின்றார்.

"என்னாண்ணே?"

"தாத்தா கீழ விழுந்துட்டாரு தங்கச்சி. கழுத்து ஒடஞ்சி போச்சி."

தனியாளாக இருக்கிறவர் வீட்டில் தாத்தா எங்கிருந்து முளைத்தார் என்று யோசிக்காமல், என் கணவர் ஆம்புலன்ஸுக்குப் போன் அடித்துவிட்டார். தூக்குப் படுக்கையோடு ஓடிவந்த இருவருக்கும் அண்ணன் காட்டியது, ஒரு சாண் உயரக் களிமண் கிழவரை. போச்சு, மானம் போகப் போகிறது என்று நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அந்த இருவரில் ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, பையிலிருந்து பஞ்சுத் துணி எடுத்துக் கிழவரின் கழுத்துக்கு ஒரு கட்டுப் போட்டுவிட்டார். அதற்கப்புறம் படம் முழுக்கத் தாத்தா அந்தக் கட்டோடுதான் நடித்தார்.

ஆமாம், படம். சாப்பாட்டு மேசை மேல் களிமண்ணில் ஒரு குட்டி வீடு. அதில் அப்பா, அம்மா, தாத்தா, மூன்று பிள்ளைகள். பொம்மையை ஒரு மயிரிழை நகர்த்தி ஒரு படம் பிடிப்பார், மறுபடி ஒரு மயிரிழை, மறுபடி ஒரு படம். பன்னிரண்டு படம் சேர்ந்தால் ஒரு நொடி. வெளியே யார் நடந்தாலும் மேசை அதிர்ந்து பொம்மை அசைந்துவிடுமாம். அம்மா அகப்பையைத் தூக்கித் தோசையைத் திருப்புவதற்கு ஒரு வாரம் பிடிக்கும். என் வீட்டில் அப்படித் தோசை திருப்பினால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

"குடும்பப் படம் தங்கச்சி. சின்னப் புள்ளைங்களோட உக்காந்து பாக்கலாம். மூணு வருசமாச்சி. கடைசி சீனுதான் வரல."

"என்னா சீனு?"

"விருந்தாளி வர்ற சீனு. வீட்டுல எல்லாரும் சமைச்சி வச்சிட்டுக் காத்திருக்காங்க. அங்க பாருங்க, ஏழாவது தட்டு. ஒரு மாமா செஞ்சேன், ஒரு தபால்காரர் செஞ்சேன், எல்லாத்தையும் பெசஞ்சி போட்டுட்டேன். யாரு வந்தாலும் நெசமா வந்த மாரி இல்லலா."

ஆறு பேர் உட்கார்ந்திருந்த அந்த மேசையில் ஏழாவது தட்டு மட்டும் வெறுமையாக இருந்தது. அந்தத் தட்டு நிறைந்தால்தான் படம் முடியும். வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்த பிறகும் எனக்கு அதே நினைப்பாக இருந்தது.

இங்கே குடிவந்த பிறகு வந்த முதல் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, பலகாரத் தட்டோடு வீடு வீடாகக் கிளம்பினேன். அண்ணன் வாசலில் அட்டை தொங்கியது. தட்டக் கூடாது என்றுதான் எழுதியிருந்தது, வரக் கூடாது என்று எழுதவில்லையே! கதவைத் தள்ளினேன், திறந்துகொண்டது. உள்ளே ஆளைக் காணோம். மேசை மேல் அந்தக் குடும்பம் மட்டும் உட்கார்ந்திருந்தது.

நல்ல நாளும் அதுவுமாக ஒரு தட்டு வெறுமையாக இருந்தால் நம் ஆட்களுக்குக் கை சும்மா இருக்குமா? முறுக்கில் ஒரு துண்டை உடைத்து ஏழாவது தட்டில் வைத்தேன். அதே நேரம் 'க்ளிக்'. அண்ணன் மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டு, ஒரு கையால் தாத்தாவின் காலை மேசையோடு பிணைக்கத் திருகாணி முடுக்கியபடி, இன்னொரு கையிலிருந்த கேமரா ரிமோட்டை அழுத்தியிருக்கிறார்.

"நகராதே!"

பயத்தில் கையை இழுத்தேன். வளையல் பட்டுக் களிமண் அம்மா குப்புற விழுந்தாள்.

அண்ணன் வெளியே வந்து பார்த்தார். திட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, "பதினோரு நாளு வேல, தங்கச்சி" என்றார், அவ்வளவுதான். அவர் திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்து மனம் ஆறியிருப்பேன். அந்தத் தீபாவளிக்கு யார் வேண்டுமானாலும் வந்து சாப்பிடும் எங்கள் வீட்டுத் திறந்த இல்ல உபசரிப்பில் நெய்யுருண்டை மலைபோல இருந்தது. நான் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

மூன்று வாரம் கழித்து எங்கள் கதவை யாரோ தட்டினார்கள். 'தட்டாதீர்கள்' அண்ணன்தான் தட்டினார்!

"தங்கச்சி, ஒங்க கை கொஞ்சம் வேணும்."

அன்று தற்செயலாக விழுந்த படத்தைப் பார்த்துப் பார்த்து மனிதருக்குத் தூக்கம் போய்விட்டதாம். அதே வளையல், அதே பச்சைச் சட்டை, அதே முறுக்கு வேண்டுமாம். கை கழுவிக்கொண்டு போனேன்.

"அன்னிக்கி வெரல்ல மாவு இருந்திச்சே?"

திரும்பி வந்து விரலில் மாவைத் தொட்டுக்கொண்டு போனேன். திரையில் நான்கே நொடி வரப்போகும் என் கைக்கு நாற்பத்தெட்டு படம். மத்தியானம் முழுக்கக் கையை மயிரிழை மயிரிழையாக இறக்கினேன். தோள் விட்டுப்போனது. பேச்சுக்குத் தடையில்லை என்பதால் அவர் பேசினார்.

"பன்னெண்டு வருசமா இந்த வீட்டுல இருக்கேன். பலகாரத் தட்டு வந்தது இதான் மொத தடவ."

"தட்டாதீங்கன்னு அட்ட மாட்டி வச்சா எப்படிண்ணே வருவாங்க?"

அண்ணன் கேமராவிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"அட்டைய மாட்டி மூணு வருசந்தான் ஆச்சி. அதுக்கு முன்னாலயும் யாரும் வரல."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கக் கையைத் தூக்கப் போனேன்.

"நகராதே!"

அழுதுகொண்டே நின்றேன். நாற்பத்தெட்டாவது படமும் எடுத்த பிறகுதான் மூக்கைச் சிந்த அனுமதி கிடைத்தது.

பள்ளி விடுமுறையில் ஒரு சாயங்காலம், கீழ்த்தளத்தில் போர்வை கட்டிப் படத்தைப் போட்டார். மூன்று வருட உழைப்பு, நாலே நிமிடம். மாக்சிக் முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். குடும்பம் சமைத்தது, காத்திருந்தது, ஜன்னலைப் பார்த்தது. கடைசியில் மேலிருந்து மாவு ஒட்டிய ஒரு பெரிய கை இறங்கி ஏழாவது தட்டில் முறுக்கை வைத்தது. எல்லாரும் தலையை நிமிர்த்திப் பார்த்தார்கள். கழுத்தில் கட்டுப் போட்ட தாத்தா மட்டும் தலை நிமிராமல் முழு உடம்போடு பின்னால் சாய்ந்தார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்து, "ஆன்ட்டி கை! ஆன்ட்டி கை!" என்று கத்தினார்கள். ஐந்து முறை திரும்பப் போடச் சொன்னார்கள். அண்ணன் ஐந்து முறையும் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் கதவில் அட்டை இல்லை.

போன வருடம் அவருக்குக் கண் மங்க ஆரம்பித்தது. அக்கா வந்து புக்கிட் தெங்காவுக்கு அழைத்துப் போய்விட்டார். இப்போது எங்கள் நடைபாதையில் யார் வேண்டுமானாலும் தடதடவென்று நடக்கலாம், மாக்சிக் நாள் முழுக்கச் சம்பல் இடிக்கலாம். எனக்குத்தான் வீடே பிடிக்கவில்லை. தீபாவளிக்கு முறுக்குப் பிழிந்ததும் முதல் தட்டோடு பாலம் தாண்டிப் போகிறேன். முறுக்கைத் துண்டாக உடைத்து அவர் உள்ளங்கையில் வைக்கிறேன். பார்க்க முடியாவிட்டால் என்ன, மாவு ஒட்டிய என் விரலை அவர் தொட்டே கண்டுகொள்கிறார். 'நகராதே' என்று அவர் இப்போது அதட்டுவதில்லை. ஆனாலும் நான் கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் நகராமலே இருக்கிறேன்.