‘எல்லாரும்’ என்ற பட்டன்

ஆசியா உம்மா கதிரையில் அமர்ந்ததும் கணினி மறுபடியும் உறைந்துபோனது.

"இந்தா, தொங்கிட்டு," என்றார் பதியுதீன் ஹாஜியார், மழை தூறுகிறது என்று சொல்கிற மாதிரி.

ஆசியா உம்மா திரும்பி, பக்கத்தில் நின்ற தன் மகன் சுபியானைப் பார்த்தார். "நீ செஞ்ச மெசின்தானே மகன் இது? ஊருக்கெல்லாம் பொண்ணு தேடிக் குடுக்குதாம். உனக்குத் தேடச் சொன்னா மட்டும் மூச்சுப் பேச்சில்லாமக் கிடக்கு."

சுபியானுக்குக் காது சுட்டது. கல்முனையில் ஹாஜியார் நடத்தும் கலியாண சேவை நிலையத்துக்கு அந்தத் தேடல் செயலியை எழுதியவன் அவன்தான். ஆனால் குற்றம் அவனுடையதா? ஊர், வயது, படிப்பு என்று திரையில் பெட்டி பெட்டியாக வைத்துக் கொடுத்திருக்கிறான். ஒன்றையாவது நிரப்பினால் கண்மூடித் திறப்பதற்குள் பதில் வரும். அவன் கண்ட மட்டில் ஹாஜியார் அதையெல்லாம் தொடவே மாட்டார். அடம்பிடித்துக் கேட்டு வாங்கிய 'எல்லாரும்' என்ற பட்டனைத்தான் அமத்துவார். உடனே, அவர் கலியாணம் பேசத் தொடங்கிய காலத்திலிருந்து பதிந்த அத்தனை பெண்களும், பேரப்பிள்ளை கண்டவர்கள் உட்பட, ஆள் போட்டோவோடும் வீட்டுப் போட்டோவோடும் ஒரே அட்டவணைக்குள் அடித்துப்பிடித்து ஏறுவார்கள். கணினியின் மெமரி என்ன, கல்முனைக் கடலா?

"ஹாஜியார், ஊரையாவது அடிச்சித் தேடுங்களன்," என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

"அது சரியா தம்பி? பெத்த தாய். ஆரையோ மறைச்சிட்டன் எண்டு நாளைக்கு என்ட தலையில பழி வந்துரும்."

ஆசியா உம்மா பிளேன்டியைக் குடித்து முடித்து, வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார்.

நோன்பு பிறக்க முன்னம் மகனுக்குப் பெண்ணை முடிவு செய்துவிட வேண்டும் என்று அவர் ஒற்றைக் காலில் நின்றார். வில்லங்கம் என்னவென்றால், சுபியானின் மனதில் ஏற்கெனவே ஒருத்தி இருந்தாள். ஹாஜியாரின் ஒரே மகள் ஹிமாயா. பகலில் வாப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு வருவாள். "கொம்பியூட்டருக்கு இண்டைக்கு சுகமா?" என்று அவனைக் கேட்டுவிட்டுச் சிரிப்பாள். அதற்குப் பிறகு அவனுக்குச் சோறு இறங்காது. ஆனால் என்ன செய்ய? இந்தப் பக்கத்தில் பெண்ணுக்கு வீட்டைக் கட்டி வைத்துவிட்டு, பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டு வர வேண்டும். அவனாகப் போய் வாய் திறந்தால் ஊர் சிரிக்கும். அதிலும் முதலாளியின் மகள். ஆசையை விழுங்கிக்கொண்டு, உம்மா காட்டுகிற பெண்ணுக்குத் தலையாட்டுவது என்று முடிவெடுத்திருந்தான். பெண்தான் கிடைக்கவில்லை, மெசின் செய்தவன் என்ற மானமாவது மிஞ்ச வேண்டாமா?

முதலில் மெமரியைக் கூட்டிப் போட்டான். ஹாஜியாருக்குப் பெரிய சந்தோசம்.

"இடம் கூடிட்டு, என்ன?" என்றவர் ஸப்னாவைக் கூப்பிட்டார். ஸப்னா அங்கே பதிவுகளைத் தட்டச்சு செய்பவள். "மகள், அக்கரைப்பற்றுக் கிளையில கிடக்கிற பழைய பதிவையும் இதுக்குள்ள ஏத்திவிடு."

அடுத்த தரம் ஆசியா உம்மா வந்தபோது கணினி முன்னைவிடச் சீக்கிரமாகத் தொங்கியது.

பிறகு போட்டோக்களைச் சுருக்கினான். ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், போட்டுக்கொண்டு பார்த்தார். "கடுகு மாதிரித் தெரியிது தம்பி. இத நம்பி எந்தத் தாய் சம்மதிப்பா?" என்று சொல்லி, முகம் ஒன்று, குடும்பம் ஒன்று, வீடு ஒன்று என்று எல்லாவற்றையும் பெரிதாக ஏற்ற வைத்தார். இந்த முறை கணினி தொங்கவில்லை. ஒரேயடியாக அணைந்துபோய் எழும்ப மாட்டேன் என்றது. ஆசியா உம்மா சாவுச் செய்தி கேட்டவர் போல மெதுவாக "இன்னா லில்லாஹி" சொல்லிவிட்டு முக்காட்டைச் சரிசெய்தார்.

சுபியான் அதைக் கழற்றிப் பூட்டி மறுபடியும் எழுப்பினான். இதைப் பற்றிப் பேசப் போனால், ஹாஜியாருக்கு நினைப்பெல்லாம் பின் வளவில் எழும்பிக்கொண்டிருந்த கட்டடத்தின் மேலேதான். அலுவலகத்தைப் பெருப்பிக்கிறார் போல என்று சுபியான் நினைத்திருந்தான்.

"தம்பி, கொம்பியூட்டர் வெச்சி வேல செய்யிற அறைக்கு யன்னல் எந்தப் பக்கம் இரிந்தா நல்லம்?"

"கடல் பக்கம் வைங்க," என்றான் கடுப்போடு. வீடு பற்றி எரியும்போது யன்னலுக்குத் திரை தைக்கிற ஆளிடம் வேறென்ன சொல்வது? "ஹாஜியார், நான் சொல்றதக் கேளுங்க. கந்தூரிச் சாப்பாட்டுல சோத்துக் கிடாரத்தையே தூக்கிட்டு வந்து சஹன் தட்டுக்குள்ள கவுக்கிறா? அள்ளி அள்ளித்தானே வெக்கிற. இதுவும் அப்பிடித்தான். கண்ணுக்குத் தெரியிற கொஞ்சப் பேர மட்டும் முதல்ல எடுத்து வெப்பம். கீழ போகப் போக மிச்ச ஆக்களக் கொண்டு வருவம். பாத்து முடிஞ்சாக்கள மெமரியில இருந்து இறக்கிவிடுவம். எத்தினை பேர் இரிந்தாலும் தொங்காது."

ஹாஜியாரின் நெற்றி வியர்த்தது. "இப்ப என்ன தம்பி அவசரம்? நோன்புப் பெருநாள் கழியட்டும். பாப்பம்."

அவசரமில்லையாம். பெற்ற தாய் வாசலுக்கும் வீட்டுக்குமாக நடந்து தேய்கிறார், இவருக்கு அவசரமில்லை. வேலை தெரிந்தவனை வேலை செய்ய விடாதவர் எல்லாம் ஒரு முதலாளியா? ஹாஜியார் லுஹர் தொழப் பள்ளிக்குப் போன இடைவெளியில், அவரிடம் கேட்காமலே செயலியை மாற்றினான் சுபியான். உம்மாவுக்குப் போன் எடுத்து, "இண்டைக்கு வாங்க. தொங்கினா நான் உங்கட மகனில்ல," என்றான்.

ஆசியா உம்மா வந்தார். தொழுதுவிட்டுத் திரும்பிய ஹாஜியார் சலாம் சொல்லி, நிம்மதியாக உட்கார்ந்து, 'எல்லாரும்' பட்டனை அமத்தினார்.

அட்டவணை பட்டென்று விரிந்தது.

ஹாஜியாரின் விரல் அமத்திய இடத்திலேயே நின்றது. ஆசியா உம்மா சுட்டியை அவரிடமிருந்து பறிக்காத குறையாக வாங்கி உருட்டினார். உருட்ட உருட்டப் பெண்கள் வந்தார்கள். கணினி ஒரு தடவை இருமக்கூட இல்லை. சுபியான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான்.

"இவதான்," என்றார் ஆசியா உம்மா. "நிந்தவூர்க் கமீலா. இவட ஆக்கள எனக்குத் தெரியும். இப்பவே கதைங்க ஹாஜியார்."

"அவங்கட வீட்டு வேல முடியல்லப் போல."

"போட்டோவுல ஓடு போட்டு, பெயின்டும் அடிச்சித்தானே இரிக்கி."

அந்த வீட்டுப் போட்டோவைப் பெரிதாக ஏற்ற வைத்தது ஹாஜியார்தான். அவர் போனைத் தேடினார், கண்ணாடியைத் தேடினார், கடைசியில் வேறு வழியில்லாமல் எண்ணை அழுத்தினார். அந்தப் பக்கம் மாப்பிள்ளைக்குக் காத்திருந்த ஆட்கள். போன் கைமாறியது. ஆசியா உம்மா அல்ஹம்துலில்லாஹ் சொல்லி, வார்த்தையும் கொடுத்துவிட்டு, நெடுநாளைக்குப் பிறகு சிரித்த முகத்தோடு வீட்டுக்குக் கிளம்பினார்.

ஹாஜியார் எழும்பினார். 'நல்ல வேல செஞ்சாய் தம்பி' என்று ஒரு வார்த்தை? இல்லை. சுபியானின் முகத்தைக்கூடப் பார்க்காமல் பின் வளவுக்கு நடந்தார்.

"பாத்தியா ஸப்னா? நாய் படாப் பாடு பட்டிரிக்கன். ஒரு சொல்லுச் சொன்னாரா மனிசன்?"

ஸப்னா தட்டச்சை நிறுத்தினாள். "ஒண்டு சொல்லட்டா சுபியான் காக்கா? மத்தாக்கள் வந்தா ஹாஜியார் ஊர், வயசு எல்லாம் அடிச்சித்தான் தேடுற. உங்கட உம்மா வந்தா மட்டுந்தான் அந்த 'எல்லாரும்' பட்டன்."

சுபியானுக்கு உச்சந்தலை கொதித்தது. அப்படியென்றால் தெரிந்தே செய்திருக்கிறார். பெற்ற தாயை ஒவ்வொரு தரமும் உட்கார வைத்து, பிளேன்டி கொடுத்து, ஏமாற்றி அனுப்பியிருக்கிறார். அப்படி என்ன பாவம் செய்துவிட்டார் உம்மா? இந்த வேலையும் வேண்டாம், இந்த ஆளின் முகத்தில் முழிக்கவும் வேண்டாம். முகத்துக்கு நேரே கேட்டுவிட்டுப் போவது என்று பின் கதவை இழுத்துத் திறந்தான்.

வாசலில், சாந்துக் கரண்டியும் கையுமாக மேசன் சீனிமுகம்மது நின்றார்.

"தம்பி, நீங்களாவது கேட்டுச் சொல்லுங்க. மகள்ட வீட்டுக்குக் கூரையப் போட்ட கையோட உங்களத்தான் மாப்பிள்ள கேட்டு வரப்போற எண்டு சொல்லித்தான் ஹாஜியார் அந்த யன்னலக் கடல் பக்கம் வெக்கச் சொன்ன; இப்ப வந்து அதக் கல்லு வெச்சி அடைக்கச் சொல்றார்."