பீச் சாரும் வேங்கிக்கால் உப்புக்காற்றும்

அன்றைக்கு என் வீட்டு வாசலில் இருந்தவர்கள் நான்கே பேர். நான், என் மனைவி செல்வி, வீட்டை விலைபேச வெள்ளை வேட்டியில் வந்த செங்கம் அரிசி மண்டிக்காரர், அப்புறம் பக்கத்து வீட்டு பீச் சார். கடலே இல்லாத ஊரில் உப்புக்காற்றுக்குப் பயந்து வாழ்ந்தவர் இந்த உலகத்திலேயே பீச் சார் ஒருவர்தான்.

முப்பது வருஷம் திருவான்மியூரில் கடலோரம் குடியிருந்தவர். ரிட்டையரானதும், கிரிவலத்துக்கு வசதி என்று வேங்கிக்காலில் எங்கள் புது மனைப்பிரிவில் வீடு கட்டினார். இரும்பு துருப்பிடிக்கக் கூடாதென்று மாதத்தின் முதல் ஞாயிறு காலை கிரீஸ் டப்பாவோடு கிளம்புவார். தன் வீட்டுக் கேட்டும் ஜன்னல் கம்பியும் முடிந்ததும் எங்கள் கேட்.

“சார், இங்க கடலே கிடையாது சார்.”

“அது காத்துக்குத் தெரியுமாய்யா?”

சாயங்காலம் மடக்கு நாற்காலியும் சுண்டல் பொட்டலமுமாக ஏரிக்கரைக்குப் போவார். காய்ந்து கிடக்கும் ஏரியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இன்னிக்கு அலை கம்மி” என்பார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்களுடையது கீழ்பென்னாத்தூரில் இருந்த நிலத்தை விற்றுக் கட்டிய வீடு. மொத்தமே ஐந்து வீடு, தெருவிளக்கு கிடையாது. நான் வேன் ஓட்டப் போனால் செல்விக்குப் பேச ஆளில்லை. பாம்பு வருமோ, திருடன் வருவானோ, இரண்டும் சேர்ந்தே வருமோ என்று எனக்குத் தூக்கம் போய்விட்டது. விற்றுவிட்டு ஊருக்கே போவது என்று முடிவெடுத்து பீச் சாரிடம் சொன்னேன்.

“திருவான்மியூருக்கு நாங்க போனப்ப எங்க தெருவுல நாலு வீடுய்யா. மிச்சமெல்லாம் மணல். சைக்கிள் புதையுதுன்னு பால்காரன் வரமாட்டான். ஒருத்தர் பயந்து வித்துட்டுப் போனார். இப்ப அங்க ஸ்கூட்டர் நிறுத்த எடமில்லாம அடிதடி. நாலு பேர் இருந்து காட்டினாதான் நகர் வரும்.”

நான் கேட்கவில்லை. மண்டிக்காரரை வரச் சொன்னேன். அவர் வந்தது முதல் ஞாயிறு.

வீடு பிடித்துவிட்டது. பேரம் பேச வசதியாகக் கேட்டில் சாய்ந்தார். நான் கத்துவதற்குள் வேட்டியில் வரிசையாகக் கறுப்புக் கோடுகள்.

“இன்னாய்யா இது?”

“கிரீஸுங்க” என்றேன்.

“கேட்டு பூரா எதுக்குய்யா கிரீஸு?”

“உப்புக்காத்து” என்றார் பீச் சார், டப்பாவை நீட்டியபடி. “இங்க வீடு வாங்கினா நீங்களும் மாசாமாசம் தடவணும்.”

மண்டிக்காரர் காரில் துண்டை விரித்து உட்கார்ந்து போயே போய்விட்டார். செல்வி படியில் உட்கார்ந்து சிரித்தாள். இந்த வீட்டுக்கு வந்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

“நான் எங்கயும் வர்லீங்க. இவரு இருக்குற தெருவுல பாம்புகூட வராது.”

இப்போது பதினெட்டு வீடு. விளக்கு வந்துவிட்டது. ஏரிக்கரையில் சாயங்காலம் ஆறு நாற்காலி, சுண்டல் செல்வியுடையது. பீச் சார் மகனைப் பார்க்க சென்னை போயிருக்கிறார். போன ஞாயிறு அவர் கேட்டுக்கும் சேர்த்து நானே கிரீஸ் தடவினேன். அவர் இல்லாத நேரம் பார்த்துக் காற்று வந்துவிட்டால்?