வியாழக்கிழமை சூப்

"உங்க கட்டுரையால என் கடை சத்திரமாயிடுச்சு, ஓரின்!"

தொலைபேசியில் பெர்னி கோஸ்கி அம்மாள் போட்ட சத்தத்தில் ஓரினின் கரண்டி கழுவுதொட்டிக்குள் விழுந்தது. தொட்டிமுன் நின்றபடிதான் அவர் சாப்பிடுவார். மனைவி பிரிந்து போனபின், ஒரே ஆளுக்காக மேஜையைத் துடைப்பானேன் என்று விட்டுவிட்டார்.

அமெரிக்காவில் ஏரிக்கரையிலுள்ள டுலூத் நகர வியாபாரிகளின் பெயரில் பத்திரிகைக்குக் கருத்துக் கட்டுரை எழுதித் தருவது அவர் தொழில். படிப்பவர்களுக்கு விளம்பரம் என்றே தோன்றக் கூடாது. எல்லாம் தொலைபேசியிலேயே முடிந்துவிடும். யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

பெர்னி சாப்பாட்டு மேஜைகள் விற்கும் கடை வைத்திருந்தார். 'தனியாகச் சாப்பிடுகிறவனுக்குப் பசி அடங்கும், சாப்பிட்ட மாதிரி இருக்காது' என்று அவர் பெயரில் ஓரின் எழுதினார். வியாழன்தோறும் கடைக்கு வந்து சேர்ந்து சூப் குடிக்கலாம் என்று முடிவில் ஒரு வரியும் சேர்த்தார்.

"நிறையப் பேர் வந்தாங்களா?"

"ஊரே வந்துச்சு! ஓக் மேஜை பூரா சூப் கறை. குடிச்சிட்டு ஏப்பம் விட்டுட்டுப் போறாங்க. ஒருத்தனாவது ஒரு ஸ்டூல் வாங்கணுமே!"

"மன்னிச்சுக்குங்க. இன்னொண்ணு எழுதிச் சரி பண்ணிடறேன்."

போனை வைத்தவருக்குச் சிரிப்பு வந்தது. தன் எழுத்துக்கு ஓர் ஊரே எழுந்து வந்திருக்கிறது! யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. யாரிடம் சொல்வது?

'தனிமைக்கும் ஒரு மரியாதை உண்டு, வீட்டிலேயே இருங்கள்' என்று அடுத்த கட்டுரை எழுதினார்.

"அய்யோ, எங்களை வரக்கூடாதுன்னு சொல்ல நீ யாருன்னு சண்டைக்கு வந்துட்டாங்க!" என்றார் பெர்னி. "சண்டை போட்டுட்டு அதுக்கும் சூப் கேக்கறாங்க!"

மூன்றாவது கட்டுரை, சூப்பில் உப்பு கூடினால் ரத்தக் கொதிப்பு வரும் என்று எச்சரித்தது.

"இப்ப உப்பில்லாத சூப் வேணுமாம். தனிப் பானை வெச்சிருக்கேன்! போதும்யா உங்க பேனா. நீங்களே நேர்ல வந்து இவங்களைக் கலைச்சு விடுங்க."

"நானா? நான் அவ்வளவா வெளியே..."

"எழுதினது நீங்கதானே? வாங்க. கோட்டு போட மறந்துடாதீங்க, ஏரிக் காத்து வெட்டுது."

அடுத்த வியாழக்கிழமை ஓரின் சவரம் செய்துகொண்டார். கூட்டத்திடம் சொல்ல வேண்டியதைக் கண்ணாடிமுன் பேசிப் பார்த்தார். குரல் கரகரத்தது; அன்று முழுக்க யாரிடமும் பேசியிருக்கவில்லை.

பனியை மிதித்துப் போய்க் கடைக் கதவைத் தள்ளினார். வரிசையாக மேஜைகள், கறையில்லாமல் பளபளத்தன. ஒன்றில் மட்டும் மூன்று கிண்ணங்களில் காட்டரிசி சூப் ஆவி விட்டது. மேஜைகளை வீடுகளில் இறக்கும் வண்டியோட்டி டுவெயின், தன் கிண்ணத்தை ஊதிக்கொண்டிருந்தான்.

"கூட்டம் எங்கே?" என்றார் ஓரின்.

பெர்னியின் முகம் சிவந்தது. "ரொட்டி எடுத்துட்டு வரேன்" என்று உள்ளே நழுவினார்.

டுவெயின் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"எந்தக் கூட்டம் சார்? மூணு கட்டுரைக்கும் ஒரு ஈ காக்கா வரல. முதல் கட்டுரையைப் படிச்சதுமே, 'இது கடைக்காக எழுதினதில்லடா, பாவம், அந்த ஆளைப் பத்தியே எழுதிக்கிட்டது'ன்னு சொல்லி, உங்களை இங்க வர வைக்கத்தான் பெர்னி அம்மா வாராவாரம் போன்ல புளுகிட்டிருந்தாங்க!"